கோட்டுக்குக் கீழே உள்ள பாட்டுகள்

அவர் வீட்டில் ஒரு குறுந்தட்டு கடைசிவரை ஓடி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதைப் பிறகு சொல்கிறேன். மற்ற நாளெல்லாம் பாதியில் நின்றுவிடும். கீறல் விழுந்தோ மின்சாரம் போயோ அல்ல. அவரே நாற்காலியிலிருந்து எழுந்து, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, போய் நிறுத்துவார்.

"ஏண்ணே, இன்னும் பாட்டு இருக்கே?"

"பாட்டு முடிஞ்சிடுச்சு தங்கச்சி. மிச்சம் இருக்கிறது ஒட்டு."

ஈப்போவில் வரிசை வீட்டில் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். குடும்பம் காரைக்குடிப் பக்கம். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டவர்கள். நான் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்து, ஒரு கல்லூரியில் நூலகராக ஒட்டிக்கொண்டவள். ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயத்துக்கும் அவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போவோம். சனிக்கிழமை மட்டும் இருவருக்கும் பொது. அன்றைக்கு அவருடைய இசைத்தட்டுகளுக்கு என் மடிக்கணினியில் பட்டியல் போட உட்காருவோம். சண்டை போட உட்காருவோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

கூடத்தின் ஒரு பக்கம் முழுக்க அலமாரி. பழைய எல்.பி. தட்டு, கேசட், குறுந்தட்டு, எல்லாம் அவர் வைத்த ஒழுங்கில் நிற்கும். அந்த ஒழுங்குக்கு ஒரே ஒரு சட்டம்தான். முதலில் எந்த வருடம் வந்ததோ, அந்த வருடத்தில்தான் அதற்கு இடம். ஒரு படத்தின் பாட்டு முதலில் எல்.பி.யாக வந்திருக்கும். பிறகு கேசட்டாகியிருக்கும். அப்புறம் குறுந்தட்டு. கடைசியில் யாராவது 'விரிவுப் பதிப்பு' என்று போட்டு, படத்தில் வராத பாட்டு ஒன்று, பின்னணி இசை இரண்டு, ஒத்திகையில் பதிவானது ஒன்று என்று வாலைச் சேர்த்து விற்பார்கள். அவர் எல்லாவற்றையும் வாங்குவார். வாங்கி வந்ததும் உறையின் பின்பக்கத்தில், பழைய பட்டியலின் கடைசிப் பாட்டுக்குக் கீழே, மெல்லிய வெள்ளை நாடா ஒன்றைக் கோடு மாதிரி ஒட்டிவிடுவார். கோட்டுக்கு மேலே இருப்பது தட்டு. கீழே இருப்பது கணக்கில் இல்லை.

எனக்கு இது ஆகாது. நூலகத்தில் நாங்கள் இப்படியா செய்கிறோம்? கையில் இருக்கும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிப் பதிவு போட வேண்டும். முதலில் வந்த வருடம் ஒரு கட்டத்தில், இந்தப் பதிப்பு வந்த வருடம் இன்னொரு கட்டத்தில். கூடுதல் பாட்டு எது, அது எப்போது பதிவானது, இதற்கு முன் எங்காவது வந்ததா என்று கீழே குறிப்பு. இரண்டும் ஒரே படைப்புதான் என்று காட்ட ஒரு இணைப்பு. அவ்வளவுதான், யாருக்கும் குறையில்லை. இதைச் சொன்னால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்ப்பார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு பொறந்த நாள் இருக்குமா தங்கச்சி?"

"இது ஆள் இல்லண்ணே, தட்டு."

"தட்டுக்கும் ஒண்ணுதான்லா."

"அப்ப இந்தக் கூடுதல் பாட்ட எங்க எழுதுறது?"

"எழுத வேணாம். விருந்தாளி வந்து நாலு நாள் தங்கினா, வீட்டுக் கிராண்டுப் பத்திரத்துல அவர் பேர எழுதுவாங்களா?"

நானும் விடவில்லை. 'கூடுதல் பாடல்கள்' என்று ஒரு கட்டத்தை உருவாக்கியே தீர்த்தேன். அவரும் அதில் ஒரு எழுத்துச் சேர்க்க விடவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பயன்?

ஆனால் அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை ஆசையாக ஒரு புதுப் பதிப்பு வாங்கி வந்தார். போட்டுக் கேட்டால், ஒரு பாட்டில் பழைய பாடகியின் குரல் இல்லை. வேறு ஒருத்தியைப் பாட வைத்துச் சத்தமில்லாமல் மாற்றியிருந்தார்கள். உறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"பழசு மேல புதுச எழுதிட்டா, பழசு இருந்ததுக்கே சாட்சி இல்லாமப் போயிடும்" என்றார். "செத்துப் போனவங்களுக்கு வாய் இருக்கா, வந்து கேக்க?"

அவர் தட்டைப் பற்றித்தான் பேசுகிறார் என்று அப்போது நினைத்தேன்.

அந்த வீட்டில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் வளர்ந்தாள். அவளுடைய அம்மா செமோருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் வேலை செய்தவள், எங்கள் சபைதான். தோட்டத்தை விற்று லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்ன குழப்பத்தில் பிள்ளை பிறந்தது. பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. தகப்பன் லாரி ஓட்டியவன். அதற்கு முன்பே அவளை விட்டுப் போய்விட்டான். கைக்குழந்தையோடு ஈப்போவுக்கு வந்து, இவர் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தவள், பிள்ளைக்கு மூன்று வயதானபோது காய்ச்சலில் இறந்துபோனாள். இவருக்கும் அக்காவுக்கும் பிள்ளை இல்லை. அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. பிள்ளையை யாரும் வந்து கேட்கவும் இல்லை, இவர்கள் யாரிடமும் கொடுக்கவும் இல்லை.

எப்படி வளர்த்தார் என்று கேட்டால், அப்படி வளர்க்க எனக்குத் தெரியாது. அம்மா வைத்த பேரை மாற்றவில்லை. அம்மா கும்பிட்ட சாமியை மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நெற்றியில் திருநீற்றோடு, அவரே காடியில், எங்கள் ஊரில் காருக்கு அதுதான் பேர், கொண்டுவந்து தேவாலய வாசலில் இறக்கிவிடுவார். ஆராதனை முடியும்வரை மரத்தடியில் காடிக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். உள்ளே வாங்கண்ணே, காற்றாடிக்குக் கீழே உட்காருங்கள் என்று கூப்பிட்டால், "பரவால்ல. அவங்க அம்மா கூட்டிட்டு வந்த எடம், நான் கொண்டாந்து விடுறேன், அவ்ளோதான்" என்பார். அந்தத் தாயின் நினைவு நாளில் கல்லறைக்குப் பூ வாங்குவதும் அவர்தான். எத்தனை பெற்றவர்கள் இதைச் செய்வார்கள்?

அக்கா ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே எனக்குச் சொன்னது இது. ஸ்டெல்லா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து அவரை "அப்பா" என்று கூப்பிட்டாளாம். அவர் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வேற ஒருத்தர் இருக்காரும்மா. நான் மாமா. முதல்ல எது இருந்துச்சோ, அதுதான் அது" என்றாராம். பிள்ளை தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டது.

"நான் குசினிக்குள்ள போயி பைப்பத் தொறந்துவிட்டு நின்னேன்" என்றாள் அக்கா. "அந்த மனுசனுக்கு நெஞ்சு நெறைய ஆசை. வாயில மட்டும் சட்டம்."

பள்ளிக்கூடம்வரை ஒருவழியாக ஓடிவிட்டது. தலைமையாசிரியர் நல்லவர், சேர்த்துக்கொண்டார். ஆனால் இந்த நாட்டில் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாத பெரிய பிள்ளை என்ன செய்யும்? மேலே படிக்க முடியாது, சம்பளத்துக்கு வேலைக்குப் போக முடியாது, வங்கியில் கணக்குத் திறக்க முடியாது. ஸ்டெல்லாவுக்குத் தாதிப் பயிற்சிக்குப் போக ஆசை. பதிவிலாகாவில் ஒரு அம்மாள் பொறுமையாக வழி சொன்னார். முதலில் முறைப்படி தத்து எடுத்துப் பதியுங்கள், அதை வைத்து ஐசிக்கு மனுப் போடலாம். ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் தத்துப் பதிய முடியாது. அப்போது அவளுக்குப் பதினேழு.

அக்கா அன்றைக்கே பாரத்தை நிரப்பத் தயார். இவர் தயாராக இல்லை.

"அப்பான்னு என் பேர எழுதினா, பெத்தவன் பேரு எங்க போகும்? அவன் இருந்ததே இல்லன்னு ஆயிடாதா? நாளைக்கு இவளே கேட்டா?"

"அவ கேக்கிறது ஐசி" என்றாள் அக்கா.

"முதல்ல அவனத் தேடுவோம். அவன் பேர்லயே பதிவோம். அதுதான் சரி."

தேடினார். கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு, அந்தத் தோட்டத்து ஆட்கள் எங்கெங்கே சிதறினார்களோ அங்கெல்லாம் போனார். திருவிழாவிலும் சாவு வீட்டிலும் போய் நின்று விசாரித்தார். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு எரிச்சலாக வரும். அந்த மனிதரின் நேர்மையைப் பார்த்தால் கும்பிடவும் தோன்றும், பிடித்து உலுக்கவும் தோன்றும்.

அந்த நாட்களில்தான் தாப்பா விவகாரம் நடந்தது. பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கேமரன் மலைக்குப் பேருந்தில் கூட்டிப் போனார்கள். தாப்பாவில் போலீஸ் சாலைத் தடுப்பு. எல்லாரும் ஐசியைக் காட்டினார்கள், இவளிடம் இல்லை. ஆசிரியை போன் செய்ய, நான் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். அதிகாரி தன்மையான ஆள். ஸ்டெல்லாவை நாற்காலி போட்டு உட்கார வைத்து, குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, "அனாக் என்சே?" என்று கேட்டார், உங்கள் மகளா என்று.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த மனிதர் கேட்டதும் அந்தப் பதிலுக்காகத்தான்.

"புக்கான்" என்றார் இவர். இல்லை. "என் வீட்டில் வளர்கிற பிள்ளை."

ஸ்டெல்லா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். மைலோ டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் கடைக்குப் போனதும் அடுத்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாத பாட்டு. எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா ஒரு குறுந்தட்டை நேராக வெள்ளைக் கோட்டுக்குக் கீழே இருந்து ஓடவிட்டிருந்தாள்.

"எனக்கு இந்தப் பாட்டுங்கதான்க்கா புடிக்கும்" என்றாள். "மாமா இல்லாதப்பதான் இதுங்களுக்கு வாய் தொறக்கும்."

வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன்.

கடைசியில் ஆள் கிடைத்தான். லூமுட்டில், படகுத்துறைக்குப் பக்கத்தில், மீன்களுக்கு ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலை. பதினெட்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நானும் அவரும் மட்டும் போனோம். கறுத்து மெலிந்த ஆள். ரப்பர் காலணி, கையில் உளி. இவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று சொன்னதும், அவன் ஐஸ் கட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்கு அப்படி யாரும் இல்லண்ணே. நீங்க ஆள் மாறி வந்திட்டீங்க."

இவர் அவளுடைய அம்மாவின் பேரைச் சொன்னார். இறந்துபோனதைச் சொன்னார். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்றார். ஒரு கையெழுத்துப் போதும் என்றார். அவன் உடைத்துக்கொண்டே இருந்தான். நாங்கள் திரும்பி வந்து காடியில் உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது ஓடி வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"நெத்திலிக் கருவாடு. வீட்ல வறுத்துச் சாப்பிடுங்க. அதுவும் சாப்பிடட்டும்." பிறகு குரலை இறக்கி, "கையெழுத்து மட்டும் கேக்காதீங்கண்ணே. இங்க வீட்ல தெரியாது. மூணு புள்ளைங்க இருக்கு. நான் இருக்கிற எடத்த யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க" என்றான்.

இவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்தால் காப்பாற்றுகிற ஆள் என்பதுதான் வினை. வழியெல்லாம் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். காடி முழுக்கக் கருவாட்டு வாடை.

இனி வேறு வழியில்லை. தத்தெடுக்கச் சம்மதித்தார். ஆனால் அதற்குப் பெற்றவனின் ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால், அவன் இருக்கும் இடம் தெரியாது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் சத்தியப் பிரமாணம் வாங்குகிறவரின் அலுவலகம். அவர், அக்கா, ஸ்டெல்லா, நான். எழுதி வைத்திருந்ததை அந்த மனிதர் வாசித்துக் காட்டினார். 'தந்தை தற்போது வசிக்கும் இடம் எனக்குத் தெரியாது.' இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த ஒரு வரிய மாத்தலாமா? தெரியும், ஆனா ஒப்புக்க மாட்டேங்கிறார்னு?"

"மாத்தலாம். அப்புறம் அந்தாளக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நாள் புடிக்கும்."

நாளும் இல்லை, கொடுத்த வாக்கும் குறுக்கே நின்றது. தேடாமல் இருந்திருந்தால் தெரியாது என்று அவர் மனசாரச் சத்தியம் செய்திருக்கலாம். சரியாகச் செய்ய வேண்டும் என்று மாதக்கணக்கில் அலைந்து, தானே அந்தக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த மாதிரித் தவறை வேறு யாரால் செய்ய முடியும்?

"எப்படி எழுதுவேன்?" என்றார் எங்களைப் பார்த்து. "போன வாரம்தான அவன்கூடப் பேசினேன். அவன் கையால குடுத்தத வாங்கிட்டு வந்தேன்."

ஸ்டெல்லா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காதான் பேசினாள், சத்தம் போடாமல்.

"அவன் கருவாடு குடுத்து முடிச்சிக்கிட்டான். நீங்க என்ன குடுக்கப் போறீங்க?"

அவர் பேனாவை எடுத்தார். ஓடுகிறதா என்று ஓரத்துத் தாளில் கிறுக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் ஓடியது. கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை நான் போனால் காப்பி வரும், ஊர்க்கதை வரும், தட்டு வராது. புதிதாக வாங்கியவை பெட்டி பிரிக்காமல் அலமாரிக்குக் கீழே கிடந்தன. வெள்ளை நாடாச் சுருள் சன்னல் ஓரத்தில் தூசி படிந்து இருந்தது.

"இதெல்லாம் பதிய வேணாமாண்ணே?"

"எதுக்கு? பொய் எழுதின கை. இனிமே நான் ஒரு வருசத்த எழுதி வச்சா, சரின்னு எத வச்சு நம்புறது?"

நல்லதுக்குச் சொன்ன பொய்தானே என்று எவ்வளவோ சொன்னேன். பிள்ளைக்கு வழி பிறந்திருக்கிறது, அதைப் பாருங்கள் என்றேன். தலையாட்டினார். அந்தக் கையெழுத்தைப் போட வைத்தது சரிதான் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகளைப் பார்க்கிறபோதெல்லாம், அவருக்குள் இருந்த ஏதோ ஒன்றைப் பிடுங்கித்தான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தோம் என்று வருத்தமாக இருக்கும்.

ஐசி உடனே வந்துவிடவில்லை. மனுப் போட்டு, காத்திருந்து, மறுபடியும் மனுப் போட்டு, வருடங்கள் ஓடின. வந்தபோது அவருக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. ஸ்டெல்லா தாதிப் பயிற்சியில் சேர்ந்தாள். விடுமுறை கிடைத்தால் வந்துவிடுவாள். அவர் காலுக்குத் தைலம் தேய்ப்பாள், மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுப்பாள். அந்த வீட்டில் அன்புக்கு என்றைக்கும் குறைச்சல் இருந்ததில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்திலிருந்து நானும் அவளும் ஒன்றாகத்தான் வந்தோம். அக்கா குசினியில் இருந்தாள். ஸ்டெல்லா ஒரு குறுந்தட்டைப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து ரம்புத்தான் உரித்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கோட்டுக்கு மேலே இருந்த பாட்டுகள் ஒவ்வொன்றாக ஓடின. கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவர் பேசினார். என்னைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார், ஆனால் எனக்குச் சொல்லவில்லை.

"ஐசி வந்திடுச்சு. பதிவுலயும் அப்பான்னு என் பேருதான் இருக்கு." பிறகு, "இனிமே அப்பான்னே கூப்பிடலாம்லா" என்றார்.

ஸ்டெல்லா உரித்த பழத்தை ஒரு தட்டில் வைத்து அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்கதான மாமா சொன்னீங்க" என்றாள். "முதல்ல எது இருந்துச்சோ, அதுதான் அது."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் ஒரு பழத்தை எடுத்தார். வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "சரிதாம்மா" என்றார். "நான் சொன்னதுதான்."

கடைசிப் பாட்டு முடிந்தது. பழக்கத்தில் ஸ்டெல்லாவின் கை நிறுத்தப் போனது.

"விடு" என்றார். "ஓடட்டும்."

கோட்டுக்குக் கீழே இருந்த முதல் பாட்டு தொடங்கியது. அதற்கடுத்ததும் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தட்டு தானாக நிற்கும்வரை கேட்டார்.